உட்கார்ந்தால் ஓர் அளவு, நின்றால் ஓர் அளவு

“ஒம்பது,” என்றார் ராயப்பராஜ். டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த மனிதரின் முகத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை. பார்வை முழுவதும் அந்த ஆளின் செருப்பில் இருந்தது. “ஒம்பது காலு. எட்டுப் போட்டிருக்காரு. தள்ளுபடியில கெடச்சிருக்கும். சாயங்காலத்துக்குள்ள சுண்டுவிரலு ஞாயங்கேக்கும் பாருங்க சார்.” அந்த மனிதர் லேசாகக் காலை இழுத்தபடி எங்களைத் தாண்டிப் பிரியாணிக் கடைப் பக்கம் போனார். ராயப்பராஜ் அதற்குள் அடுத்த காலுக்குப் போய்விட்டார்.

திண்டுக்கல்லில், தலையைத் தூக்கினால் மலைக்கோட்டை தெரிகிற ஒரு தெருமுனையில் அவருடைய செருப்புக் கடை. பத்தடிக்கு எட்டடி. அவர் தலையைத் தூக்கி நான் பார்த்ததில்லை. வெளியூர்க்காரர் யாராவது “கோட்டைக்கு எப்படிப் போகணும்?” என்று கேட்டால்கூட, கேட்டவரின் காலைப் பார்த்து, “இந்தச் செருப்போட மேல ஏற முடியாதுங்க, வழுக்கும்,” என்றுதான் பதில் வரும். வழி சொல்ல மறந்துவிடுவார்.

ஆட்களின் பெயர் அவருக்கு நிற்காது. எண்தான் நிற்கும். எனக்குப் பெயர் ‘ஏழு.’ பத்து வருடப் பழக்கம், பக்கத்துத் தெரு, ஒரே சர்ச் பங்கு. ஆனாலும் “வாங்க சார், ஏழு” என்றுதான் வரவேற்பு. ஆட்டோக்காரர் கருப்புசாமி ‘பத்து.’ எங்கள் பங்குச்சாமியார் ‘ஆறு’, அதிலும் வலது கால் கொஞ்சம் பெரிது. ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழனன்று சாமியார் பாதம் கழுவுவதற்குப் பன்னிரண்டு பேரை உட்கார வைப்பார்கள் அல்லவா, அந்தப் பன்னிரண்டு பேரும் ஒரு வாரத்துக்கு முன்பே ராயப்பராஜ் கடையில் ஆஜராகிவிட வேண்டும். பித்தவெடிப்புக்குக் களிம்பு கொடுப்பார், நகம் வெட்டச் சொல்லுவார். “ஏசுவோட சீடரா உக்காரப் போறீக, காலு கருவாடு மாதிரி இருந்தா சாமியாரு என்ன நெனப்பாரு?” என்பார். அப்போஸ்தலர்களுக்கே இந்தக் கெடுபிடி நடந்திருக்காது.

அளவு எடுப்பதுதான் அவர் தொழிலில் பார்க்க வேண்டிய காட்சி. வந்தவரை முக்காலியில் உட்கார வைப்பார். ஷூ பெட்டியின் மூடியைத் தரையில் போட்டு, அதன் மேல் காலை வைக்கச் சொல்லுவார். காதிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுப்பார். தச்சர்கள் வைத்திருக்கிற பட்டைப் பென்சில் அது. குதிகாலில் தொடங்கி, விரல் விரலாகச் சுற்றி, மறுபடி குதிகாலுக்கு வந்து சேர்வார். பிறகு கோட்டுக்கு வெளியே இன்னொரு கோடு. “உக்காந்தா ஒரு அளவு, நின்னா ஒரு அளவு சார். நின்னா பாதம் விரியும். அதுக்குத்தான் ரெண்டு நூலு, கால் இஞ்சு, கூட்டுறது.” இருபத்திரண்டு வருடமாக இதே வசனம். அளவுப் பலகை, கம்பெனி கொடுத்த மெஷின் எல்லாம் மூலையில் தூசி படிந்து கிடக்கின்றன.

அந்தப் பென்சிலை மட்டும் யாருக்கும் தரமாட்டார். போன் நம்பர் குறிக்கக் கேட்டாலும் இல்லை. ஒரு தடவை பங்குச்சாமியாரே மீட்டிங் தேதி எழுதிக்கொள்ளக் கை நீட்டியபோது, “இது எழுதுற பென்சில் இல்ல சாமி, காலு பாக்குற பென்சிலு,” என்று சொல்லிவிட்டு, பக்கத்துக் கடைக்கு ஓடிப் போய் ஒரு பேனா வாங்கி வந்து நீட்டினார். மற்ற விஷயங்களில் தாராளமான மனிதர்தான். பென்சில் என்று வந்தால் மருந்துக்கும் இரக்கம் கிடையாது.

அவருக்கு ஒரு சித்தாந்தமும் உண்டு. காலுக்கு வருகிற எந்தச் சீக்குக்கும் செருப்புதான் காரணம். குதிகால் வலியா, செருப்பு. முழங்கால் வலியா, அதுவும் செருப்பு. பக்கத்துக் கடை அக்பர் அலி பாய்க்கு மூலம் வந்தபோதுகூட அவருடைய செருப்பைக் கழற்றிப் பார்த்தார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நான் நம்பவில்லை, ஆனால் நடந்திருக்காது என்றும் சொல்லமாட்டேன். இந்தச் சித்தாந்தத்தில் ஒரு ஓட்டை இருப்பதை நான் வெகுநாள் கழித்துத்தான் கண்டேன். வெறுங்காலோடு போகிறவர்களை அவர் பார்ப்பதே இல்லை. செருப்பில்லாத கால் எதிரே வந்தால் அவர் கண் அப்படியே தாண்டி அடுத்த ஆளிடம் போய்விடும். ஒருநாள் கேட்டதற்கு, “அதுல பாக்குறதுக்கு என்ன சார் இருக்கு?” என்றார்.

இப்படிப்பட்ட மனிதருக்குச் சோதனை சொந்த வீட்டில், சொந்த மகளின் காலில் வந்தது.

நான்சிக்குப் பதினான்கு வயது. ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சை எழுதி முடித்திருக்கிறாள். பள்ளிக்கூடக் கோ-கோ அணியில் அவள்தான் கடைசிவரை பிடிபடாமல் ஓடுகிறவள். இரண்டு வருடமாக அவளுடைய வலதுகால் பெருவிரல் பக்கத்து விரல்களின் மேல் சாய்ந்துகொண்டு போகிறது. அதன் அடியில், பாதத்தின் உள்பக்கம், எலும்பு கொட்டைப்பாக்கு அளவுக்குத் துருத்திக்கொண்டு நிற்கிறது. இடது காலிலும் அதே கதை ஆரம்பித்திருக்கிறது. ஊர்க் காலையெல்லாம் எடை போட்டவர் வீட்டுக் காலைக் கவனிக்க ஒரு வருடம் ஆகியிருக்கிறது. ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழனிப் பானையில் விழுமாம் துள்ளி.

கவனித்த அன்றே காரணத்தையும் கண்டுபிடித்துவிட்டார். கல்லாவுக்குக் கீழே உள்ள டிராயரில் அது இருக்கிறது. நான்சி சின்ன வயதில் பூசையில் முதன்முதலாக அப்பம் வாங்கிய புதுநன்மை நாளில் போட்டிருந்த வெள்ளை ஷூ. கூர்மூக்கு, முன்பக்கம் ஒரு சின்ன முத்து. ஆக்ராவிலிருந்து சாம்பிளாக வந்தது. மாதா சுரூபம் போல இருக்கிறாள் என்று எல்லாரும் சொன்னார்களாம். “நாந்தான் சார் போட்டுவிட்டேன். மூக்கு கொஞ்சம் பிடிக்கும்னு எனக்குத் தெரியும். அழகா இருக்கேன்னு விட்டுட்டேன்.” எவ்வளவு நேரம் போட்டிருந்தாள் என்று கேட்டேன். “பூசை முடிஞ்சு, போட்டோ எடுத்து, சாப்பாடு ஆகி… ஒரு நாலு மணி நேரம் இருக்கும்.” நாலு மணி நேரத்தில் எலும்பு வளையுமா என்று நான் கேட்கவில்லை. அந்த ஷூவை அவர் கையில் பிடித்திருந்த விதம் அப்படி.

அன்றிலிருந்து பரிகாரம் நடக்கிறது. ஒரு வருடத்தில் பதினோரு ஜோடி. அகலமானது, அதைவிட அகலமானது, முன்பக்கம் துணி வைத்தது, வார் வைத்தது. மரக்கட்டையை உள்ளே திணித்து இரவெல்லாம் விரித்து வைத்தது. ஒவ்வொன்றையும் மகளுக்கு மாட்டிவிட்டுத் தரையில் மண்டியிட்டு அண்ணாந்து கேட்பார். அவர் அண்ணாந்து பார்க்கிற ஒரே முகம் அதுதான்.

“அழுத்துதா பாப்பா?”

“இல்லப்பா, நல்லாருக்கு.”

ஒரே ஒரு தடவை, நாலாவது ஜோடியோ ஐந்தாவதோ, அவள் “லேசா வலிக்குதுப்பா” என்று சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு அவர் மதியம் சாப்பிடவில்லை. கடையைச் சாத்திவிட்டு அந்த ஜோடியை பிளேடால் கீறி எறிந்தார் என்று அவர் மனைவி மரியசெல்வி சொன்னார். மரியசெல்வி ஆரம்பப் பள்ளி ஆசிரியை, சுருக்கமாகப் பேசுகிறவர். “அவுக கொழம்புறது பத்தாதுன்னு ஊரையும் சேத்துக் கொழப்புறாக” என்பது அவருடைய மொத்த அபிப்பிராயம்.

கோ-கோ போட்டி ஒன்றில் நான்சி பாதியில் நொண்டிக்கொண்டு வெளியே வந்து, “லேசாப் பிசகிருச்சு, வலியில்ல” என்று சொன்ன பிறகுதான் டாக்டரிடம் போனார்கள். முதல் டாக்டர் உள்ளூர். எக்ஸ்ரே எடுத்துவரச் சொல்லி, காலைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். பெருவிரலுக்குப் பின்னால் இருக்கிற எலும்பை வெட்டி, நகர்த்தி நேராக வைத்து, ஒரு ஸ்குரூ போட்டுவிடலாம், பத்தாம் வகுப்பு ஆரம்பிக்கிறதுக்கு முன்னால் லீவிலேயே முடித்துவிடலாம் என்றார். ஆறு வாரம் விரலை ஊன்றக் கூடாது. ஓட்டமெல்லாம் நாலு மாதத்துக்கு மறந்துவிட வேண்டியது. மே மாதம் இரண்டாவது வாரத்தில் ஒரு தேதியும் குறித்துக் கொடுத்தார்.

“ஸ்குரூங்கிறார் சார்,” என்று மறுநாள் ராயப்பராஜ் என்னிடம் வந்து நின்றார். “பூட்டுல போடுற ஸ்குரூவா, வேறயா? நீங்க படிச்சவுக, சொல்லுங்க.” நான் படித்தது வரலாறு. கால் சம்பந்தமாக அதில் ஒரு பாடமும் வரவில்லை.

இன்னொரு டாக்டரையும் கேட்டுவிடலாம் என்று மதுரைக்குப் போனார்கள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டார். அங்கே இருந்தது ஒரு டாக்டரம்மா. பழைய படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்ததுமே, “இது படுக்க வெச்சு எடுத்தது. நிக்க வெச்சு எடுத்துட்டு வாங்க,” என்று அனுப்பினார். எடுத்து வந்தோம். படுத்திருந்த படத்தில் விரல் சாய்ந்திருந்தது பத்தொன்பது டிகிரி. நின்ற படத்தில் முப்பத்தொன்று.

“இதத்தானே சார் நான் இருபத்திரண்டு வருசமாச் சொல்றேன்!” என்று ராயப்பராஜ் ஆஸ்பத்திரி வராந்தாவில் குதிக்காத குறை. “நின்னா விரியும்! டாக்டரம்மாவுக்கு நம்ம ரெண்டு நூலு கணக்கு தெரிஞ்சிருக்கு!” அவர் அன்றைக்குச் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நிமிடம்தான்.

உள்ளே டாக்டரம்மா கேட்டார்: “உங்க குடும்பத்துல யாருக்காவது இப்படிக் கால் இருக்கா? அம்மா, அப்பா, அத்தை, சித்தி?”

“கிடையவே கிடையாது டாக்டர்,” என்றார் ராயப்பராஜ். “எங்க வகையறாவுல காலுக்கு ஒரு கொறையும் கிடையாது. இது செருப்பால வந்தது. நான் பண்ணுன தப்பு.”

டாக்டரம்மா அதைக் குறித்துக்கொண்டார். பிறகு நான்சி பக்கம் திரும்பினார். “செருப்பு ஒருபக்கம் இருக்கட்டும். உனக்கு வலிக்குதாம்மா? வெறுங்கால்ல நிக்கும்போது, விளையாடிட்டு வந்த பிறகு, படுக்கும்போது?”

நான்சி முதலில் அப்பாவைப் பார்த்தாள். அவர் நாற்காலி நுனிக்கு வந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, ரிசல்ட் பார்க்க வந்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

“இல்ல டாக்டர். வலிக்கல. நல்லாருக்கு.”

“வலி இல்லன்னா இப்பத் தொட வேண்டாம்,” என்றார் டாக்டரம்மா. “பதினாலு வயசு, எலும்பு இன்னும் வளருது. இப்ப நேராக்கினாலும் வளர்ந்து முடியறதுக்குள்ள மறுபடி சாயறதுக்கு வாய்ப்பு இருக்கு. பார்க்க நல்லா இல்லங்கிறதுக்காக ஆபரேஷன் பண்ண மாட்டோம். ரெண்டு வருஷம் பொறுக்கலாம். ஆனா வலியோட ஓடிட்டிருக்கான்னா அது வேற விஷயம், அப்ப வேற மாதிரி யோசிக்கணும். நல்லா யோசிச்சுச் சொல்லும்மா.” நான்சி தலையாட்டினாள். எழுந்து வரும்போது அவள் வலது பாதத்தின் வெளிவிளிம்பில் மட்டும் ஊன்றி நடந்ததை நான் பார்த்தேன். பார்த்தேனே தவிர, எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. அதற்காக என்னை நானே இன்னும் திட்டிக்கொள்கிறேன்.

அதன் பிறகு கடையில் வியாபாரம் நடந்ததா என்று எனக்குச் சந்தேகம். இரண்டு எக்ஸ்ரேயையும் டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் வழக்கைச் சொன்னார். “ஒரே காலு சார். கம்மியா இருக்குங்கிற படத்தப் பாத்தவரு வெட்டணும்கிறாரு. கூட இருக்குங்கிற படத்தப் பாத்தவுக பொறுங்கங்கிறாக. கூட இருந்தா வெட்டணும், கம்மியா இருந்தா பொறுக்கணும், அதுதான ஞாயம்? தலகீழா இருக்கே!” செருப்பு வாங்க வந்தவர்கள் முக்காலியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்கள். கருப்புசாமி, “ஒடம்புல கத்தி வெக்காதீக, வெத்தலையில வெளக்கெண்ணெய் தடவிக் கட்டுங்க,” என்றார். அக்பர் அலி பாய், “மே மாசம் விட்டா அப்பறம் லீவு ஏது? பண்ணிருங்க பாய்,” என்றார். கோ-கோ சொல்லிக் கொடுக்கிற பாண்டியராஜ் மாஸ்டர், அடுத்த வருடம் மாநிலப் போட்டி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அது எந்தக் கட்சி என்று ராயப்பராஜுக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

நான்சியைக் கேட்டாலோ, அவள் தினத்துக்கு ஒன்று சொன்னாள். திங்கள்கிழமை, “பண்ணிரலாம்ப்பா.” செவ்வாய்க்கிழமை போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, “வேண்டாம்ப்பா.” வெள்ளிக்கிழமை, “நீங்களே சொல்லுங்கப்பா.” எல்லாரும் எல்லாமும் கேட்டோம். டாக்டரம்மா கேட்ட அந்த ஒரு கேள்வியை நாங்கள் யாரும் மறுபடி கேட்கவில்லை. அதற்குத்தான் பதில் கிடைத்துவிட்டதே என்று இருந்தோம்.

உள்ளூர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. திங்கள்கிழமைக்குள் உறுதி செய்யாவிட்டால் அந்தத் தேதியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ராயப்பராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நிலக்கோட்டைக்கு அக்கா வீட்டுக்குப் போறேன் சார். அதுகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டா நாளைக்குப் போனப் போட்டுருவேன். நீங்களும் வாங்க.” மூன்று பேரும் பஸ் ஏறினோம். நான்சி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ராயப்பராஜ் மடியில் எக்ஸ்ரே இருந்த பெரிய காக்கி உறை. வழியெல்லாம் அவர் பஸ்ஸில் ஏறுகிறவர்களின் காலைப் பார்க்கவில்லை. அதைக் கண்டு எனக்குப் பயமாக இருந்தது.

அக்கா ஆரோக்கியம்மாள் நிலக்கோட்டையை அடுத்த ஊரில் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறார். முக்கால் ஏக்கர். ஐம்பத்தெட்டு வயது. விடியுமுன் தோட்டத்தில் இறங்கி, மொட்டுகளைப் பறித்து, மார்க்கெட்டுக்குப் போகிற வேனில் ஏற்றிவிட்டு, வீட்டுக்கு வந்து உலை வைக்கிறவர். நாங்கள் போனபோது நெற்றியில் ஈரத்தோடு வந்து, “வா லே ராயப்பா! ஏத்தா நான்சி, எளச்சுப் போயிட்டயே! செத்த நேரம் இருங்க, ஒரு வெஞ்சனம் மட்டும் வெச்சுட்டு வாரேன்,” என்று உள்ளே போனார். திரும்பி வந்து நான்சிக்குப் பக்கத்தில் சிமெண்ட் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

ராயப்பராஜ் வழக்கைத் தொடங்கினார். படுத்த படம், நின்ற படம், பத்தொன்பது, முப்பத்தொன்று, ஸ்குரூ, இரண்டு வருடம். பேசிக்கொண்டே பழக்கப்படி மகளின் காலைப் பார்த்தார். பேச்சு நின்றது.

நான்சியின் காலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கால் நீட்டியிருந்தது. மண் அப்பிய, தோல் தடித்த, நகம் கறுத்த கால். அதன் பெருவிரல் பக்கத்து விரல்களின் மேல் சாய்ந்து, கிட்டத்தட்ட ஏறியே படுத்திருந்தது. அடியில் உள்பக்கத்து எலும்பு கொட்டைப்பாக்கு இல்லை, ஒரு எலுமிச்சம்பழமே துருத்திக்கொண்டிருந்தது.

“அக்கா,” என்றார். “இது என்னக்கா?”

“எது?”

“உங்காலு.”

“என் காலுதான். பொறந்ததுலருந்து எங்கிட்டதான இருக்கு.”

“இது எப்பருந்து இப்பிடி இருக்கு?”

“பெரிய மனுசியான வருசத்துலருந்து இப்பிடித்தான். நம்ம அம்மாவுக்கும் இப்பிடித்தான். நீ பாத்ததில்லையா?” ஆரோக்கியம்மாளுக்கு உண்மையிலேயே ஆச்சரியம். “ஊர்ல ஒருத்தன் கால விடாமப் பாப்பயே லே!”

“நீ செருப்பே போடாம வளந்தவளாச்சேக்கா,” என்றார் ராயப்பராஜ். கேள்வியாக இல்லை. தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பது போல இருந்தது. “அம்மாவும் போட்டதில்ல. ஒரு நாளும் போட்டதில்ல.” அவர் முகத்தில் அவ்வளவு குழப்பத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. “அப்பறம் எப்பிடிக்கா வளைஞ்சுச்சு?” இருபத்திரண்டு வருடமாகக் கட்டிய கோட்டை அந்தச் சிமெண்ட் தரையில் சரிந்துகொண்டிருந்தது. டிராயரில் கிடக்கிற வெள்ளை ஷூவுக்கு அன்றைக்குத்தான் விடுதலை. ஆனால் அந்த விடுதலையை வாங்கிக்கொள்ளக்கூட அவருக்குத் தெரியவில்லை. “அப்ப நான் வருசா வருசம் கிறிஸ்துமஸுக்கு வாங்கியாந்த செருப்பு?”

ஆரோக்கியம்மாள் மேலே பரணைக் காட்டினார். சாக்குப் பை ஒன்று தெரிந்தது. “அம்புட்டும் அதுலதான் இருக்கு. போட்டா இந்த முண்டுல வெச்சுக் கடிக்கும். வெறுங்கால்லயே வலி உண்டு, ஈரத்துல பூவெடுக்கையில விண்ணுவிண்ணுன்னு தெறிக்கும். இதுல செருப்பு வேற எதுக்கு?”

“கடிக்குதுன்னு எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேக்கா. எப்பக் கேட்டாலும் நல்லாருக்கு நல்லாருக்குன்னயே!”

“சொன்னா நீ என்ன பண்ணுவ? மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு, சோறு தண்ணி இல்லாம, மறு வாரமே இன்னொரு சோடியத் தூக்கிக்கிட்டு ஓடியாருவ. ஒன்னய நோகடிக்கிறதுக்குப் பதிலா நல்லாருக்குன்னே சொல்லிட்டுப் போறேன்.” ஆரோக்கியம்மாள் சிரித்தார்.

வேறு யாரும் சிரிக்கவில்லை. நான்சி தலையைக் குனிந்துகொண்டு, நீட்டியிருந்த காலை மெதுவாகப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள். ராயப்பராஜ் அதைப் பார்த்தார். காலைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். பதினோரு ஜோடிக்கும் கேட்ட ‘நல்லாருக்கு’ அவர் காதில் அப்போது எப்படி ஒலித்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. எனக்கு மதுரை டாக்டரம்மாவின் அறையில் கேட்ட ‘நல்லாருக்கு’ ஞாபகம் வந்தது.

உள்ளே குழம்பு கொதிக்கிற வாசனை வந்தது. ஆரோக்கியம்மாள் எழுந்து போனார்.

ராயப்பராஜ் காக்கி உறையிலிருந்து எக்ஸ்ரே இரண்டையும் உருவி என் கையில் கொடுத்தார். வெறும் உறையைத் தரையில் விரித்து, உள்ளங்கையால் நீவிவிட்டார். நான்சி பழக்கத்தில் உட்கார்ந்தபடியே காலை நீட்டினாள்.

“உக்காராத தாயி. எந்திரிச்சு நில்லு.”

அவள் எழுந்து அதன் மேல் நின்றாள். அவர் மண்டியிட்டார். காதிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்துக் குதிகாலில் தொடங்கினார். அன்றைக்குக் கை வழக்கத்தைவிட மெதுவாகப் போயிற்று. முண்டைச் சுற்றி வரும்போது பென்சில் பட்டு அவள் கால் ஒரு தடவை துடித்து அடங்கியது. அவர் நின்றார், பிறகு முடித்தார். இரண்டு நூல் கூட்டவில்லை.

“பாப்பா,” என்றார். நிமிராமலே சொன்னார். “அளவு எனக்குத் தெரியும். வலி எனக்குத் தெரியாது. இதுக்குக் காரணம் செருப்புமில்ல, நானுமில்ல. நீ சொன்னா நான் சோத்த விட மாட்டேன். எங்கெங்க வலிக்குதோ அங்கங்க நீயே புள்ளி வையி. நாளைக்கு இதத்தான் மதுர டாக்டரம்மாகிட்டக் கொண்டுபோய்க் காட்டப் போறேன். வெட்டுறதா பொறுக்குறதான்னு அவுக சொல்லட்டும்.”

பென்சிலை அவளிடம் நீட்டினார்.

நான்சி அதை உடனே வாங்கவில்லை. பிறந்ததிலிருந்து தொடக்கூடாது என்று கேட்ட பொருள் அது. பிறகு வாங்கினாள். காகிதத்திலிருந்து இறங்கி, அத்தை வீட்டுத் தரையில் குந்தி உட்கார்ந்து, அந்தக் கோட்டுப் படத்தில் பெருவிரலின் அடியில் ஒரு புள்ளி வைத்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் முகம் மாறவில்லை. அடிப்பாதத்தில் ஒன்று வைத்தாள். இரண்டாவது விரலில் ஒன்று. பிறகு அப்பாவைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு வைத்துக்கொண்டே போனாள்.

ராயப்பராஜின் கை பழக்கத்தில் காதுக்குப் போனது. அங்கே பென்சில் இல்லை. கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். திருப்பிக் கேட்கவில்லை.